சனி ராத்திரி ரொட்டி

1895-ல் கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர் 'ப்ரஞ்ச்' வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். சனி ராத்திரி கூத்தடித்தவன் ஞாயிறு சீக்கிரம் எழ வேண்டாமே என்ற கருணை. பேச்சிலர்கள் சார்பில் நன்றி.

ஆனால் யாராவது ஒருத்தர் எழுந்தாக வேண்டும். தோசையோ, நம்மூரில் பாம்பே டோஸ்ட் என்கிற பிரெஞ்சு டோஸ்ட்டோ, ஒவ்வொன்றாகத்தான் கல்லை விட்டு இறங்கும். 'நீங்க சூடா சாப்பிடுங்க' என்று சொல்லிச் சொல்லியே என் அம்மாவுக்கு வயசாகிவிட்டது.

இதற்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் குறுக்கு வழி, அவன். (ஆள் இல்லை சார், அடுப்பு!)

ஆறு பேருக்கு நான் செய்வது இப்படி: ராத்திரியே பத்து ஸ்லைஸைத் துண்டு போட்டு, வெண்ணெய் தடவிய தட்டில் பரப்பி விடுவேன். முந்தின நாள் ரொட்டிதான் உசத்தி. பாலை நன்றாகக் குடிக்கும். புது ரொட்டி கூழாகிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பலகாரத்துக்கு வைத்த பெயரே 'தொலைந்துபோன ரொட்டி'! 6 முட்டை, அரை லிட்டர் பால், நாலு ஸ்பூன் சர்க்கரை, ஏலக்காய், சிட்டிகை உப்பு. அடித்து ஊற்றி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு டிவி பார்க்கலாம்.

காலையில் வெளியே எடுத்து அரை மணி ஆறப்போட்டு, 180 டிகிரியில் 40 நிமிஷம். கத்தியை நடுவில் விட்டால் ஈரமில்லாமல் வரவேண்டும். அவ்வளவுதான்.

அம்மாவை உட்கார வைப்பதுதான் கஷ்டம். போன ஞாயிறு ரெண்டு தரம் எழுந்து அடுப்படியை எட்டிப் பார்த்தாள். மூன்றாம் தரம் தட்டை நீட்டி, "ஓரத்துல முறுகலா இருக்கே, அதைப் போடு" என்றாள்.