கண் சிமிட்டினால்தான் கணக்கா? வெப் டிசைனில் விடுபடும் கேள்வி

'ஹோம் பேஜ்ல அனிமேஷன் வேணும், ஏஐ சாட்பாட் வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள லைவ் போகணும்!' டிஜிட்டல் டிசைன் ஏஜென்சிகளுக்குப் பழகிப்போன கோரிக்கை இது. பார்வையற்றவர் இந்தத் தளத்தை எப்படிப் பயன்படுத்துவார் என்ற கேள்வி மட்டும் மீட்டிங்கில் எழுவது அபூர்வம்.

பூந்தமல்லிக்காரர்களுக்கு இது தூரத்து விஷயமில்லை. பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும், மத்திய அரசின் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையமும் இங்கேதான் இருக்கின்றன. பார்வையற்றவர்கள் 'டாக்பேக்' போன்ற ஸ்கிரீன் ரீடர் மூலம் போனைக் காதால் படிக்கிறார்கள். டிசைனர் பெயர் கொடுக்காமல் விட்டால், அது 'பட்டன்' என்று மட்டும்தான் சொல்லும். பணம் கட்டவா, ரத்து செய்யவா? தெரியாது.

சட்டமும் இதை உரிமையாகவே பார்க்கிறது. ஆன்லைன் கேஒய்சி கண் சிமிட்டச் சொல்கிறது. எங்களால் எப்படி முடியும் என்று ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். டிஜிட்டல் சேவைகளைப் பெறுவதும் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு வந்தது.

செலவு எகிறுமா? ஆரம்பத்திலேயே செய்தால் பெரிதாக இருக்காது. படத்துக்கு ஒரு வரி விளக்கம், எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு, மௌஸ் இல்லாமலும் நிரப்பக்கூடிய படிவம். வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கும் அந்தத் தெளிவான எழுத்துதான் உதவும். கடைசி நேரத்தில் ஒட்டுப்போடுவதில்தான் காசு கரையும்.

லைவ் போகும் முன் கண்ணை மூடிக்கொண்டு, காதை மட்டும் நம்பி ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். முடியவில்லையா? அந்தத் தளம் இன்னும் தயாராகவில்லை.