மண் தர மறுத்தவர்கள்

திட்டக்குடியில், வெள்ளாற்றுக் காற்று சில்லென வீசிய இரவொன்றில், பேச்சின் நடுவே மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. "ஐவேளைத் தொழுகை, நீண்ட தாடி, பழைமைப் பற்று, இவை முற்றினால் வெடிகுண்டுதானே?" எழுதியவர் பெயரில்லை. நேரமின்மையால் ஒரே வரியில் மறுத்துவிட்டு இறங்கினேன். ஒரு வரி போதாது என்று வழியெல்லாம் உள்ளம் உறுத்திற்று.

பழைமைக்கும் எனக்குமுள்ள உறவு எத்தகையது என்பதை நாடறியும். பெண்ணுரிமை குறித்து ஆலிம்களோடு வாதிட எனக்கு நிரம்ப உண்டு, வாதிட்டுமிருக்கிறேன். எனினும், எதிரே அமர்ந்து வாதிடுபவரையும், வாதத்துக்கு வராமலே வெடிப்பவனையும் ஒரே தட்டில் நிறுத்திடல் நேர்மையாகுமோ?

கடல் கடந்து காத்தான்குடிக்கு வாருங்கள்! மட்டக்களப்புக்கு அருகே, தமிழ் பேசும் முஸ்லிம்கள் நெருங்கி வாழும் ஊர். 1990 ஆகஸ்டு 3 இரவு, பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகளின் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த ஊர். தொழுகையிலே சாவது எத்தகைய கொடுமை என்பதை அறிந்த அந்த மண்ணில் பிறந்தவன்தான் சஹ்ரான் ஹாஷிம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. மூன்று தேவாலயங்கள், மூன்று விடுதிகள்; 250-க்கு மேற்பட்ட உயிர்கள்!

இவன் பழைமையின் பாசறையில் பயின்று முற்றியவனா? அவ்வூர் அரபிக் கல்லூரியில் சேர்ந்தான், ஆசிரியர்களோடு மோதினான், வெளியேற்றப்பட்டான். வேறொரு பள்ளிவாசலை அண்டினான், அங்கும் பிணக்கு. தனக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினான். 2017 மார்ச்சில் சூஃபிகளோடு வாள்மோதல், தலைமறைவானான், அவன் தொடங்கிய அமைப்பே அவனை விலக்கிற்று. (கல்லூரியைப் பாதியில் விட்டவன் நானுந்தான். அரைப் படிப்போடு அறுவை மருத்துவம் பார்க்கப் புகுந்தேனில்லை!)

தர்காவையும் சூஃபிகளையும் பழித்துரைத்த கடும் பிரசாரம் அவனுக்குச் செவிகளைத் திறந்துவிடவில்லையா என்பீர்கள். ஓரளவு ஆம், அதனை மறைப்பானேன்? ஆயினும் அப்பிரசாரத்தைக் கேட்டவர் ஆயிரமாயிரவர். குண்டைக் கட்டியவர் ஒரு கைப்பிடி.

பழைய நூல்கள் சொல்வதென்ன? போர் தொடுக்கும் உரிமை ஆட்சியாளனுக்கே, தனியொருவனுக்கு இல்லை. பெண்டிரை, பிள்ளைகளை, முதியோரை, மடத்துத் துறவியரைத் தொடாதீர் என்று முதல் கலீபா அபூபக்கர் படைக்குக் கட்டளையிட்டார். தற்கொலை பெரும் பாவம். தொழுபவனை 'காஃபிர்' என்று தீர்ப்பளிக்கக் கண்டவனுக்கு உரிமையில்லை. இவையத்தனையும் மீறியவர்களுக்கு மரபு வைத்த பெயர் கவாரிஜ். 661-இல் நான்காம் கலீபா அலியை வெட்டிய கூட்டம். 2014-இல் 126 அறிஞர்கள் பக்தாதிக்குத் திறந்த மடல் தீட்டியபோது புதுமை எதையும் புகுத்தவில்லை. அந்தப் பழைய ஏடுகளைத்தான் புரட்டிக் காட்டினர்.

ஜனாஸாத் தொழுகை, ஊரின் மேல் விழுந்த கடமை. குடிகாரனுக்கும் உண்டு, கடன்காரனுக்கும் உண்டு. தோளில் சுமந்து சென்று மையவாடியில் அடக்கிய பிறகே ஊர் மூச்சுவிடும். அத்தகைய மார்க்கத்தின் காவலர்களான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, குண்டுதாரிகளின் உடல்களை ஏற்கமாட்டோம் என்று அறிவித்தது! 2008-இல் மும்பையைச் சுட்டெரித்த ஒன்பதின்மருக்கும் அந்நகரின் படா கபரஸ்தான் ஆறடி மண் தர மறுத்தது. இதனினும் கடுமையான சொல் ஓர் ஆலிமின் அகராதியில் உண்டா?

சொல்லோடு நின்றாரா? மாவனெல்லையில் காவல்துறைக்குத் துப்புக் கொடுத்து உதவிய முஸ்லிம் ஒருவர், 2019 மார்ச்சில் தம் வீட்டிலேயே சுடப்பட்டார். ஈஸ்டருக்கு ஐந்தாம் நாள் சாய்ந்தமருதில், புதிதாக வந்து குடியேறியோர் மீது ஐயங்கொண்டு தகவல் தந்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. சிக்கிக்கொண்ட கூட்டம் குண்டுகளை வெடித்தது. மாண்டவருள் ஆறு குழந்தைகள்.

அடுத்த மாதம் 13-ஆம் நாள், மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கத்து ஊர்களிலும் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன, பள்ளிவாசல்கள் உடைந்தன. தாடியைக் கண்டதும் குண்டென்று கணித்தவர்களின் கைவரிசை அது! துண்டுச் சீட்டின் கேள்வியைக் கேட்டவர்கள்தாம் அவர்களும், விடைக்குக் காத்திருக்கவில்லை.

அடுத்த முறை திட்டக்குடிக்கு வருவேன். சீட்டெழுதிய நண்பர் பெயரையும் சேர்த்து எழுதட்டும். மேடைக்கே அழைத்துப் பேசுவேன்.