ஆளைப் பார்த்து எண் போடுங்கள்!

சாரம் சரிந்து கொத்தனார் விழுகிறார். பைக் வழுக்கி வாலிபர் விழுகிறார். உயிர் தப்பிவிடுகிறது. ஆனால் முதுகுத் தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் விழுந்துவிடுகிறது. ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்ததும், டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுத்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்கிறார்கள்.

அந்தச் சீட்டிலோ ஆஸ்பத்திரி ரிக்கார்டிலோ ஒரு எண் இருக்கும். ஜி 82.2!

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், பத்தாவது பதிப்பில், இரண்டு காலும் செயலிழந்தால் ஜி 82. புள்ளிக்குப் பிறகு 0 என்றால் கால் துவண்டு கிடக்கிறது. 1 என்றால் விறைத்து இழுக்கிறது. 2 என்றால்? "எந்த வகை என்று குறிப்பிடவில்லை" என்று அர்த்தம். டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதாததை ரிக்கார்டு கிளார்க் எங்கே போய்த் தேடுவார்? 2 போட்டுவிட்டு அடுத்த பைலை எடுக்கிறார். அவர் மேல் குற்றமில்லை.

எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது, ஐயா! விறைத்த காலுக்கு விறைப்பைக் குறைக்க மாத்திரை உண்டு. துவண்ட காலுக்கு அது எதற்கு? மூத்திரப் பை வேலை செய்யாவிட்டால் அதற்கும் எண் உண்டு. படுக்கைப் புண்ணுக்கு எல் 89. புண் சதையைத் தின்று எலும்பு வரை போனால் எல் 89.3. இதெல்லாம் எழுதினால்தான் எத்தனை பேர் புண்ணோடு கிடந்தார்கள் என்று கணக்கில் ஏறும். கணக்கில் ஏறாத புண்ணுக்குக் காற்று மெத்தை வாங்க எந்த ஆபீஸ் பணம் ஒதுக்கும்?

வீட்டுக்குப் போன பிறகுதான் பாடு. 2 மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும்தான். மூத்திரம் தானாக வராதவருக்கு 4 முதல் 6 மணிக்கு ஒரு தடவை சுத்தமான குழாய் விட்டு எடுக்க வேண்டும். தேங்கினால் கிருமி கிட்னிக்கு ஏறும். பெஞ்சாதியும் அம்மாவும் இதை யாரிடம் கற்றுக்கொள்வார்கள்?

சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தர 2021-ல் தமிழக அரசு திட்டம் கொண்டு வந்தது. நல்ல காரியம். வீடு தேடி வந்து பிசியோதெரபி தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் அதே வருஷம் வந்தது. வருகிறவர் சீட்டைக் கேட்டால், அதில் "குறிப்பிடவில்லை" என்றிருக்கிறது!

வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைக்கு ஆபரேஷன் செய்தார். அவர் முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையமே திறந்தார்கள். கால் போனவரைக் கட்டிலோடு விட்டுவிட வேண்டியதில்லை என்பது இந்த மாநிலத்துக்குப் புதுச் செய்தி அல்ல.

அடி எந்த இடத்தில், உணர்ச்சி கொஞ்சம் மிச்சமா இல்லையா, கால் துவண்டதா விறைத்ததா, புண் உண்டா, மூத்திரம் எப்படி? இவ்வளவையும் எழுதிவிட்டு டாக்டர் கையெழுத்துப் போடட்டும். வீட்டுப் பெண்மணி நர்சு முன்னால் இரண்டு தடவை புரட்டிக் காட்டட்டும். அப்புறம் வண்டியைக் கூப்பிடலாம்.