பெருங்காய டப்பா

பெருங்காயத்தை பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி அலமாரியில் வையுங்கள். கவரில் ஓட்டை இருக்காது. ஆனாலும் ரெண்டு நாளில் அலமாரியே மணக்கும். இது புரிந்தால் குப்பைக்கிடங்கின் விஞ்ஞானம் பாதி புரிந்த மாதிரி.

ஊர்க்குப்பையைப் புதைக்கும் இடத்தில் அடியில் 90 செ.மீ. களிமண், அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும் என்றது 2000-ல் வந்த மத்திய அரசு விதி. 2016 விதியும் அதையே சொன்னது. அந்தக் களிமண்ணில் தண்ணீர் வருஷத்துக்குச் சுமார் 3 செ.மீ.தான் இறங்கலாம். மேலே அழுக்குநீர் தேங்கினால் வேகம் கூடும். பிளாஸ்டிக் உப்பைத் தடுக்கும். ஆனால் பெயின்ட், தின்னரில் உள்ள டொலுயீன், ஓட்டையே இல்லாவிட்டாலும் சில நாட்களில் ஊடுருவிவிடும். பெருங்காயக் கதைதான்!

எந்த விஷம் எந்த வருஷம் கிணற்றுக்கு வரும் என்று அடுக்கு அடுக்காகக் கணக்குப் போட கம்ப்யூட்டர் மாடல்கள் உண்டு. கனடா பேராசிரியர் கெர்ரி ரோவ் போன்றவர்கள் பல்லாண்டுகளாக இதில்தான் உழைக்கிறார்கள்.

நம் கதை? சென்னையின் பெருங்குடியும் கொடுங்கையூரும் வெறும் தரையில் வளர்ந்த குப்பை மலைகள். தலைநகரிலேயே இந்த லட்சணம். அடுக்கே இல்லாத இடத்தில் எதைக் கணக்குப் போடுவது?

விழுப்புரத்துக்கு வாருங்கள். தெற்கே தென்பெண்ணை மணல். விதி கேட்கும் களிமண்ணைவிட லட்சம் மடங்கு வேகமாகத் தண்ணீரை உள்ளே விடும். திண்டிவனம் பக்கம் பாறை. விரிசலில் நுழைந்த நீர் எந்தக் கிணற்றில் தலைகாட்டும் என்று சொல்வதே கஷ்டம். 2024 நவம்பர் 30-ல் கரை கடந்த ஃபெஞ்சல் புயலில், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அந்த மழை குப்பையையும் நனைத்துக்கொண்டுதானே பூமிக்குள் போனது?

‘அதான் பயோமைனிங் பண்ணி குப்பையை அகற்றுகிறோமே’ என்பார்கள். நல்லது. மேலே இருப்பது போகும். கீழே இறங்கியது? பெருங்காயம் தீர்ந்தாலும் டப்பா மணக்கும், சார்!

இரு ஊர் நிர்வாகமும் குப்பைக்கிடங்கு வாசலில் ஒரு போர்டு வைக்கட்டும். குப்பைக்கு அடியில் என்ன அடுக்கு இருக்கிறது? பக்கத்துக் கிணறுகளைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள், என்ன வந்தது? இந்த ரெண்டுக்கும் பதில் இருந்தால் போதும்.

வைக்க மாட்டார்களா? 2005-ன் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவுக்குப் பத்தே ரூபாய். நாம் வாங்கும் கேன் தண்ணீரைவிட மலிவு.