கார்டு போட்டால் வாடிக்கை வருமா?

சென்ற மாதம் நமது மண்டிக்குச் சரக்கு எடுக்க வந்த ஓர் இளம் மளிகை வியாபாரி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த அன்னபூரணி படத்தைப் பார்த்துவிட்டு, "பழைய காலண்டரில் வெட்டியதா ஐயா?" என்று கேட்டார். தஞ்சாவூர்ப் படம் எழுதும் ஒரு தம்பி தன் வியாபாரத்துக்காகத் தபாலில் அனுப்பும் கார்டு அது என்றோம். "இந்தக் காலத்தில் கார்டா? வாட்ஸ்அப்பில் போட்டால் காசே இல்லையே" என்று சிரித்தார். அவர் சிரித்ததில் தப்பில்லை. நாமும் முதலில் சிரித்தவர்தாம். ஆனாலும் அந்தக் கார்டின் கதையில் மளிகைக் கடைக்காரர்கள் எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று பட்டதால் இதை எழுதுகிறோம்.

அந்தத் தம்பியின் தகப்பனார் கும்பகோணத்தில் நமது மண்டியில் முப்பது ஆண்டுகள் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1980களில் வெளியூர்க் கடைக்காரர்களுக்கு மார்க்கெட் நிலவரத்தைக் கார்டில்தான் தெரிவிப்போம். வலங்கைமான், ஆடுதுறை, திருவிடைமருதூர், பாபநாசம் என்று வாரத்துக்கு அறுபது எழுபது கார்டு போகும். ஒரு கார்டு 15 காசு. மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே துவரம் பருப்பு இன்ன விலை, உளுந்து இன்ன விலை, குண்டூர் மிளகாய் வரத்து குறைவு என்று நாலு வரி. கடைசியில் கணக்குப்பிள்ளை தாமாகவே ஒரு வரி சேர்ப்பார்: "மகளுக்குப் பிரசவம் சுகமாக ஆயிற்றா?" அப்போது நமக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது. ஆனால் கடைக்காரர்கள் சரக்கு எடுக்க வரும்போது அவருடைய மேஜைக்குப் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் நம்மிடம் வருவார்கள்.

மகன் கணக்குக்கு வரவில்லை. தஞ்சாவூரில் ஒரு பெரியவரிடம் படம் எழுதக் கற்றுக்கொண்டு அங்கேயே சிறு பட்டறை வைத்தார். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, பிறகு வண்ணம் தீட்டுகிற வேலை. ஒரு படத்தில் வாரக்கணக்காகப் பணம் முடங்கும். தங்கம் விலை ஏறினால் முதலும் ஏறும். நம்முடைய துவரையாவது விலை குறைந்தாலும் யாராவது வாங்குவார்கள். கிருஷ்ணர் படம் விற்கவில்லை என்றால் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டியதுதான்.

2020இல் கொரோனா வந்து கோயில்கள் சாத்தியதும் அவருக்கு வியாபாரம் அடியோடு நின்றது. மறு ஆண்டு யாரோ ஒருவர், "சென்னை, கோவையில் வசதியுள்ளவர்களின் முகவரி" என்று 2,000 பெயர் கொண்ட ஒரு பட்டியலை விற்றார். தம்பி மனைவியின் வளையலை அடகு வைத்து, வழவழப்பான தாளில் பலவண்ணக் கார்டு அச்சிட்டார். அச்சிட்ட கார்டுக்குத் தபால் கட்டணம் 6 ரூபாய் என்பது அச்சிட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. 50 காசு என்பது கையால் எழுதும் சாதாரணக் கார்டுக்கு. ஆக, தபால்தலைக்கு மட்டும் 12,000 ரூபாய். வந்த போன் மூன்று. அதில் ஒருவர் "என் முகவரி உனக்கு எப்படிக் கிடைத்தது?" என்று சண்டைக்கு வந்தார். ஒரு படம்கூட விற்கவில்லை.

பட்டறையை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ளத்தான் நம்மிடம் வந்தார். நாம் ஓவியம் அறிந்தவர் அல்லர். கடைக்காரப் புத்தியில் ஒன்று கேட்டோம்: "தம்பி, இதுவரை உன்னிடம் வாங்கியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் முகவரி இருக்கிறதா?" பார்சல் அனுப்பியதால் பில் புத்தகத்தில் எல்லாம் இருந்தது. எண்ணிப் பார்த்தால் 170 பெயர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்களுக்கு ஒருமுறைகூட அவர் ஒரு வரி எழுதியதில்லை. சரக்கு எடுத்துக் காசு கொடுத்துப் போனவரை மறந்துவிட்டு, முகம் தெரியாத 2,000 பேருக்கு வளையலை அடகு வைத்திருக்கிறார். இதைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிவிட்டது. நமக்கும் அதைச் சொல்ல எந்த யோக்கியதையும் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

அந்த 170 பேருக்கும் கையால் எழுதினார். விற்கிற பேச்சே இல்லை. "தாங்கள் 2013இல் வாங்கிய வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணர் எப்படி இருக்கிறது? கண்ணாடிக்குள் ஈரம் ஏறியிருந்தாலோ கல் உதிர்ந்திருந்தாலோ தெரிவியுங்கள், சரிசெய்து தருகிறேன்" என்று அவரவர் வாங்கிய படத்தின் பெயரைச் சொல்லி எழுதினார். கடைசி வரி அப்பாவின் பாணி. வீட்டுப் பெரியவர்களை விசாரித்து ஒரு வார்த்தை. இருபத்திரண்டு கார்டு "விலாசத்தில் இல்லை" என்று திரும்பி வந்தது. நாற்பது பேருக்கு மேல் பேசினார்கள். பாதிப் பேர் பழுது பார்க்கக் கொடுத்தார்கள். அந்தத் தீபாவளிக்குள் ஒன்பது புதுப் படத்துக்கு முன்பணம் வந்தது. மகள் கல்யாணத்துக்கு ஒன்று, கிரகப்பிரவேசத்துக்கு ஒன்று என்று. வளையல் தை மாதம் மீண்டது.

பிறகுதான் படம் போட்ட கார்டு. அதிலும் இரண்டு சங்கடம் வந்தது. தங்க ரேக்கின் மினுமினுப்பு அச்சில் வராது. மஞ்சள் மண் பூசியது போல் வரும். மூன்று தடவை மாற்றி எடுத்து, கடைசியில் குத்துவிளக்கு வெளிச்சத்தில் பக்கவாட்டில் எடுத்த போட்டோதான் ஓரளவு தேறியது. மற்றது, சாமி படம் போட்ட கார்டைத் தபால்காரர் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போக, காலில் மிதிபட்டதாக ஒரு மயிலாப்பூர் அம்மாள் நல்ல கோபமாக எழுதினார். அவர் சொன்னது நியாயம். அன்றிலிருந்து கார்டை உறையில் போட்டு அனுப்புகிறார். இருபது கிராம் வரை உறைக் கடிதத்துக்கு 5 ரூபாய்தான். அச்சிட்ட கார்டைவிட ஒரு ரூபாய் மிச்சம். (கட்டணம் மாறக்கூடியது. அச்சுக்குக் கொடுக்கும் முன் தபால் நிலையத்தில் மாதிரியைக் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.) உறையைப் பிரித்ததும் சாமி படத்தை நம் வீடுகளில் யாரும் குப்பையில் போடுவதில்லை. பூஜை அலமாரியிலோ பீரோ கதவிலோ ஒட்டிவிடுவார்கள். கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898-1976) அவர்களும் அவருடைய சீடர்களும் காலண்டருக்கு எழுதிய படங்கள் ஆண்டு முடிந்தும் நம் கடைச் சுவர்களிலிருந்து இறங்காமல் இருந்தது இதனால்தானே? கீழே நம் கடைப் பெயரும் இறங்காமல் இருந்தது.

விலை போடுவதா வேண்டாமா என்பதில் நமக்கும் தம்பிக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது. "விலையைப் போட்டால் பயந்துவிடுவார்கள் ஐயா, நேரில் வந்து படத்தைப் பார்த்தால்தான் விலை புரியும்" என்பது அவர் கட்சி. விலை போடாத கார்டு மண்டியில் கார்டே அல்ல என்பது நம் கட்சி. விலை தெரியாதவர் கேட்கக் கூச்சப்பட்டே வராமல் போவார். கடைசியில் ஒரு சிறு படத்தின் அளவை அங்குலத்தில் குறித்து, 22 காரட் ரேக்கு என்று எழுதி, சட்டத்தோடு சேர்த்து அதன் விலையை மட்டும் போட்டார். தங்கம் மாதிரி மின்னும் வெறும் தாளை ஒட்டி "தஞ்சாவூர்ப் படம்" என்று விற்பவர்கள் இருக்கிற நாளில் இன்னது இன்ன விலை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு மதிப்பு உண்டு. இருந்தாலும் பெரிய படத்துக்கு விலை போட இன்றுவரை அவர் இசையவில்லை. அவர் தொழில், அவருக்குத் தெரியும்.

இனி நம் கடைக்கு வருவோம். பருப்பு விலைக்குக் கார்டு எழுதுங்கள் என்று சொல்ல வரவில்லை. காலை விலை மாலையில் இல்லாத சரக்குக்கு மூன்று நாள் கழித்துப் போய்ச் சேரும் கார்டு சண்டையைத்தான் கொண்டுவரும். அதற்கு வாட்ஸ்அப்பே சரி; நாமும் அதில்தான் தினம் நிலவரம் போடுகிறோம். ஆனால் ஒன்று கவனித்திருப்பீர்கள். நூறு பேர் நூறு செய்தி அனுப்பும் இடத்தில் நம் செய்தியை விரலால் தள்ளிவிட்டுப் போகிறார்கள். கார்டு வீட்டுக்கு ஒன்றுதான் வருகிறது, இப்போதெல்லாம் அதுவும் வருவதில்லை.

நம் மளிகைக் கடைகளில் மாதச் சாமான் வாங்கி, பற்று எழுதி, ஒழுங்காகக் கொடுத்துவந்த குடும்பங்கள் எத்தனை, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயின? பத்து நிமிடத்தில் வாசலுக்கு வரும் என்கிற கம்பெனிகளிடம் சில போயின. பெரிய கடைக்குச் சில போயின. சில, நம் கடைப் பையன் ஒருநாள் முகம் சுளித்ததற்காகப் போயின. அது நமக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் பெயரும் தெருவும் பழைய பற்று நோட்டில் இருக்கின்றன. மாசி பங்குனியில் புதுப் புளி வரும்போதோ, வருடத்து மிளகாய், மல்லி, மஞ்சள் வாங்கி வெயிலில் காயவைக்கும் நாளிலோ, அந்த வீட்டு அம்மாளின் பெயருக்கு ஒரு 50 காசுக் கார்டு எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஐம்பது பேருக்கு 25 ரூபாய். நம் கல்லாவில் யாரும் தொடாத 50 காசு நாணயத்துக்குத் தபால் நிலையத்தில் இன்னும் ஒரு சாமான் கிடைக்கிறது. பழைய பாக்கியை மட்டும் அந்தக் கார்டில் ஞாபகப்படுத்தாதீர்கள். கார்டைத் தபால்காரரும் படிப்பார், தெருவும் படிக்கும்.

முகவரி விஷயத்தில் ஒரு கண்டிப்பும் வேண்டும். சென்ற ஆண்டு ஒரு புதுக் கம்பெனியின் ஆள் வந்து, நம் வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுத்தால் மசாலாப் பெட்டிக்கு இத்தனை தள்ளுபடி என்றார். கொடுக்கவில்லை. நம்மை நம்பிச் சொன்ன வீட்டு நம்பர் மசாலாப் பெட்டிக்கு விலையாகக் கூடாது.

நமக்கு யோக்கியதை இல்லை என்றோமே, அதையும் சொல்லிவிடுகிறோம். கணக்குப்பிள்ளை தம் கையால் ஊர்வாரியாக எழுதி வைத்திருந்த விலாசப் பேரேடு மூன்று இருந்தது. 2011இல் மண்டியை இடம் மாற்றியபோது பழைய நாள்வழி, பேரேடுகளோடு சேர்த்து அவற்றையும் பழைய பேப்பர்க்காரருக்கு நிறுத்துப் போட்டோம். கிலோ இன்ன விலை என்று நாமே பேரம் பேசினோம். அவர் அப்போது உயிரோடு இருந்தார். கேள்விப்பட்டு ஒன்றும் சொல்லவில்லை. அட்டையையாவது எடுத்து வைத்திருக்கலாமே என்று மட்டும் கேட்டார்.

அந்த நாளில் நம்மிடம் சரக்கு எடுத்த கடைகள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள் நடத்தும் கடைகள் இந்த இதழைப் படிக்க நேர்ந்தால், ஊரையும் தெருவையும் குறித்துச் சங்க முகவரிக்கு இரண்டு வரி எழுதுங்கள். புதுப் பேரேடு ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். இதுவரை அதில் பதினாறு பெயர் ஏறியிருக்கிறது.