ஊர் மாறினாலும் வரி விடாது!

கடல் கடந்து போய்விட்டால் சொந்த நாட்டு வரித்தொல்லை தீர்ந்தது என்பது பலருடைய எண்ணம். பெரும்பாலான நாட்டுக்காரர்களுக்கு இது சரிதான். அமெரிக்கர்களுக்குச் சரி அல்ல.

அமெரிக்கக் குடிமக்கள் உலகத்தின் எந்த மூலையில் வாழ்ந்தாலும், தங்கள் வருமானத்துக்கு அமெரிக்க அரசாங்கத்திடம் கணக்குக் காட்ட வேண்டும். "கிரீன் கார்டு" வைத்திருப்பவர்களுக்கும் இதே சட்டம்தான்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிறகு, வயதான பெற்றோரைக் கவனிக்கத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்கள் உண்டு. வீட்டில் இருந்தபடி கம்ப்யூட்டர் வேலை, மொழிபெயர்ப்பு என்று சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் இதை அறிய வேண்டும்.

சலுகை உண்டு, ஆனால்...

வெளிநாட்டில் வாழ்ந்து உழைத்துச் சம்பாதிப்பவர்களுக்கு அமெரிக்கா ஒரு சலுகை தருகிறது. 2025-ம் ஆண்டு சம்பாத்தியத்தில் 1 லட்சத்து 30 ஆயிரம் டாலர் வரை வருமான வரி இல்லை. ஆனால் கணக்குத் தாக்கல் செய்து, அந்தச் சலுகையைக் கேட்டுப் பெற வேண்டும்.

இதைக் கேட்டதும், "இனி எதுவும் கட்ட வேண்டாம்" என்று சிலர் இருந்து விடுகிறார்கள். அது தவறு. வருமான வரி வேறு. சொந்தத் தொழில் வரி வேறு. சலுகை வருமான வரிக்கு மட்டும்தான்.

அது என்ன வரி?

முதுமைக் காலப் பென்ஷனுக்காகவும், மருத்துவத் திட்டத்துக்காகவும் வசூலிக்கும் பணம் இது. மாதச் சம்பளக்காரர் என்றால் பாதியை முதலாளி கட்டுவார். சொந்தத் தொழில் செய்பவருக்கு முதலாளி யார்? அவரேதான்! ஆகவே இரண்டு பங்கும் அவர் தலையில் விழுகிறது.

பென்ஷனுக்கு 12.4 சதவீதம். மருத்துவத்துக்கு 2.9 சதவீதம். மொத்தம் 15.3 சதவீதம். செலவு போக ஆண்டு லாபம் 400 டாலரை எட்டினாலே கணக்குக் காட்ட வேண்டும்.

ஒருவருக்கு 30 ஆயிரம் டாலர் லாபம் என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அதில் 92.35 சதவீதத்துக்குத்தான் இந்த வரி. அப்படியும் சுமார் 4,239 டாலர் வருகிறது. வருமான வரி ஒரு காசுகூட இல்லாதவருக்கும் இது உண்டு. இந்தியாவில் கட்டிய வருமான வரியை இதில் கழிக்கவும் முடியாது.

ஒப்பந்தம் இல்லை

ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடுகளிலும் பென்ஷன் பணம் கட்டுவதைத் தவிர்க்க, அமெரிக்கா சுமார் 30 நாடுகளுடன் ஒப்பந்தம் செய்திருக்கிறது. இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான் ஆகியவை அதில் உண்டு. அங்கே குடியிருந்து தொழில் செய்பவர், பொதுவாக அந்த நாட்டுத் திட்டத்தில் கட்டினால் போதும். அதற்குச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவுடன் அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை. எனவே சென்னையில் இருக்கும் அமெரிக்கக் குடிமகனுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. அதே தெருவில் மற்றோர் அமெரிக்கர் இந்தியக் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தால், அவருக்கு இந்த வரி இல்லை!

லாபமா, நஷ்டமா?

கட்டும் பணம் எல்லாம் வீண் என்று சொல்ல முடியாது. சுமார் 10 ஆண்டுகள் கட்டியவருக்கு முதுமையில் பென்ஷன் உண்டு. அமெரிக்காவில் 6 ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்தவர், இங்கே இருந்து 4 ஆண்டு கட்டினால் அந்த உரிமை கிடைக்கும். 10 ஆண்டு நிறையாதவருக்குப் பென்ஷன் இல்லை. கட்டிய பணமும் திரும்பாது. மருத்துவத் திட்டமோ, பொதுவாக இந்திய ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவாது.

வெளிநாட்டில் வசிப்பவர்கள் கணக்குத் தாக்கல் செய்ய ஜூன் 15 வரை அவகாசம் உண்டு. ஆனால் ஏப்ரல் 15 முதலே பாக்கிக்கு வட்டி ஓடும். கட்டாமல் விட்டால் பாக்கி, வட்டி, அபராதம் என்று மூன்றும் சேர்ந்து வளரும். ஆகவே முதல் ஆண்டிலேயே கணக்கருடன் உட்கார்ந்து, 10 ஆண்டில் எத்தனை ஆண்டு நிறைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.