வெளுப்பு ஊசிக்கும் வாரத் தவணையா?

கல்யாணம் நிச்சயமானால் நகை, புடவை, பத்திரிகை என்று செலவுக் கணக்கு எழுதுவோம். இப்போது அதில் 'க்ளோ ட்ரிப்' என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. முகம் வெளுக்க நரம்பில் ஏற்றும் குளுட்டதயோன் ஊசிக்கு வைத்த செல்லப் பெயர் அது. கூடவே தாடைக்கும் வயிற்றுக்கும் 'கொழுப்புக் கரைப்பு ஊசி'. சேலம் ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் இந்தப் பலகைகளைப் பார்த்திருப்பார்கள். (ஃபேர்லேண்ட்ஸ் என்று பெயர் வைத்தவர்கள் இதை நினைத்து வைக்கவில்லை. ஆனாலும் பெயர் பொருந்திவிட்டது.) ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் இருக்கிற பிள்ளைகளுக்குப் பலகைகூடத் தேவையில்லை, கைப்பேசி திறந்தால் விளம்பரம் வந்து நிற்கிறது.

ஒரு தடவையோடு முடிவதில்லை. ஏழு, எட்டு 'சிட்டிங்' என்பார்கள். அதற்கான ஆயிரங்கள் எங்கிருந்து வருகின்றன? மகளிர் குழுக் கடனிலிருந்தும், தறிப்பட்டறை முன்பணத்திலிருந்தும், துணிக்கடைச் சம்பளத்திலிருந்தும்தான்.

குளுட்டதயோன் விஷமல்ல. நம் கல்லீரலே தயாரிக்கிற பொருள். சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தின் பக்கவிளைவைக் குறைக்க மருத்துவர்கள் அதை ஊசியாகக் கொடுத்திருக்கிறார்கள். தோலுக்குக் கறுப்பு தருகிற மெலனின் உருவாவதை அது கொஞ்சம் மட்டுப்படுத்தும். மருந்தை நிறுத்தினால் பழைய நிறம் திரும்பிவிடும். அதனால்தான் 'பராமரிப்பு டோஸ்' என்று மறுபடி கூப்பிடுகிறார்கள். தோல் வெளுப்பதற்கென்று எந்த ஊசிக்கும் தாங்கள் அனுமதி கொடுத்ததில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2015-லேயே மக்களை எச்சரித்தது. இந்த ஊசி பரவலாக ஓடுகிற பிலிப்பைன்ஸ் நாட்டின் மருந்துத் துறையும் கல்லீரல், சிறுநீரகம், நரம்பு மண்டலம் பாதிக்கப்படலாம் என்று சொல்லியிருக்கிறது. அதைப் போடுகிற அறையில் திடீர் ஒவ்வாமை வந்தால் காப்பாற்ற ஆளும் மருந்தும் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

கொழுப்புக் கரைப்பு ஊசியில் பெரும்பாலும் இருப்பது டிஆக்சிகோலிக் அமிலம். நம் குடலில் கொழுப்பைச் செரிக்க உதவுகிற பித்த அமிலங்களில் ஒன்று. கொழுப்புச் செல்லின் சுவரை அது உடைத்துவிடும். 2015-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது தாடைக்குக் கீழே தொங்கும் கொழுப்புக்கு மட்டும்தான். வயிற்றுக்கு அல்ல, தொடைக்கு அல்ல. தாடையிலேயே இடம் தவறிக் குத்தினால் நரம்பு பாதித்துச் சிரிப்பு ஒரு பக்கம் கோணும். அனுமதி இல்லாத சரக்கைப் போட்டுக்கொண்டவர்களுக்கு ஆறாத தழும்பும், சீழும், கட்டியும் வந்ததாக அதே துறை 2023 டிசம்பரில் மறுபடி எச்சரித்தது.

இதைத் தலித் பக்கத்தில் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நிறம் என்ற பேச்சு நம் ஊரில் என்றைக்குச் சாதியை விட்டுத் தனியாக நடந்தது? பள்ளியில் ஒரு பெண்ணைக் 'கருவாச்சி' என்று கூப்பிடுகிறவன் அவள் எந்தத் தெரு என்பதையும் சேர்த்தே சொல்கிறான். நன்றாக உடுத்தி வருகிற நம் பிள்ளையிடம் 'உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே' என்று பாராட்டுபவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். அந்தப் பாராட்டு வேண்டித்தான் பலர் ஊசிக்குக் கை நீட்டுகிறார்கள்.

ஆனால் வெளுத்தால் விட்டுவிடுவார்களா? கறுத்த பார்ப்பானையும் சிவந்த பறையனையும் நம்பாதே என்று ஒரு பழமொழியை நம் மொழியில் செய்து வைத்திருக்கிறார்கள். அச்சிடக் கூசுகிறது, ஆனாலும் படியுங்கள். நிறம் மாறினாலும் சந்தேகம் மாறாது என்று அவர்களே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். 2015-ல் கோகுல்ராஜைத் திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து கடத்திக் கொன்றவர்கள் கேட்டது சாதியை. நிறத்தை அல்ல.

அம்பேத்கர் இந்தக் கணக்கை எப்போதோ முடித்துவிட்டார். தீண்டாமை எப்படித் தோன்றியது என்று ஆராய்ந்து 1948-ல் எழுதிய நூலில், அந்தக் காலத்து ஆய்வாளர்கள் எடுத்து வைத்திருந்த மூக்களவுக் கணக்குகளையே எடுத்துப் பார்க்கிறார். பிராமணரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்பதற்கு அதில் ஆதாரமில்லை என்று காட்டுகிறார். உடம்பில் சாதி இல்லை என்றால், உடம்பில் ஊசி குத்தி அதை எப்படி எடுக்க முடியும்? கல்லூரி மாணவர்கள் அந்த நூலைத் தேடிப் படிக்க வேண்டும். தமிழிலும் கிடைக்கிறது.

'எங்க உடம்பு, எங்க காசு, நடிகைங்க போட்டுக்கலையா?' என்று நம் பெண்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. துணிக்கடையிலும் மருத்துவமனை வரவேற்பிலும் வேலைக்குப் போனால் 'தோற்றம்' பார்க்கிறார்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் கலர் பார்க்கிறார்கள். நம் வீட்டு ஆண்களும் சிவந்த பெண்தான் வேண்டும் என்கிறார்கள். வெளியே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குள் மருமகளுக்குக் கலர் தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் திட்ட வேண்டியது அவர்களை.

பணத்தைவிடப் பெரிய பயம் சிறுநீரகம். 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் முகம் வெளுக்க கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். கிரீமில் இருந்தது பாதரசம். நம் பக்கத்துப் பள்ளிபாளையத்தில் கடன் தாங்காமல் விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்ற கொடுமை 2025 ஜூலையில் ஊரறிய வெளியே வந்தது. அப்பன் கடனுக்காக இழந்ததை, மகள் கடன் வாங்கி இழக்க வேண்டுமா?

உடம்பைப் பற்றி உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 40.4 சதவீதம் பேருக்கு உடல் எடை கூடுதல். ரத்தமும் குறைவு, கொழுப்பும் அதிகம். அரிசியை மட்டும் தின்று நாளெல்லாம் ஒரே இடத்தில் நின்று தறி ஓட்டுகிற வாழ்க்கைக்கு இது ஆச்சரியமில்லை. எந்த ஊசியும் இதைத் தொடாது.

1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் பெயரிலிருந்து ஃபேரை எடுத்துவிட்டு 'க்ளோ' ஆனது. அதே ஆண்டு, வெளுப்பு விளம்பரங்களுக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் ஐம்பது லட்சம் வரை அபராதமும் விதிக்க மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. வரைவால் பலகைகள் இறங்கவில்லை. ஆனால் மாவட்ட நிர்வாகம் கையில் இன்றைக்கே ஒரு சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்யாமல் எந்த இடத்திலும் சிகிச்சை நடத்த முடியாது. அழகு நிலையத்தில் ஊசி போட்டால் அது சிகிச்சைதான். சேலம், நாமக்கல் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்கள் ஒரு வாரம் ஒதுக்கி இந்தக் கடைகளுக்குள் போய்ப் பார்த்து, எத்தனைக்குப் பதிவு இருக்கிறது என்று பட்டியல் வெளியிட வேண்டும்.

அதுவரை நம் பிள்ளைகள் செய்யக்கூடியது இது. ஊசி போடுபவரின் பெயரும் மருத்துவப் பதிவு எண்ணும் கேளுங்கள். மருந்துக் குப்பியின் லேபிளைப் படம் எடுங்கள். எடுக்க விடவில்லை என்றால் எழுந்து வாருங்கள். முகத்தில் கரும்படை, பரு, சொறி என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் மருத்துவரைப் பாருங்கள், காசு இல்லை. ஏற்கெனவே ஊசி போட்டு உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் அங்கே சொல்லுங்கள். 104-க்குப் பேசலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ரசீதோடு மனு கொடுக்கலாம். ரசீது தரவில்லை என்றால், அதையும் மனுவில் எழுதுங்கள்.